பையன் எப்படி?

மின்வாரியத்தில் வீடு வீடாக ரீடிங் எடுத்து ஓய்வு பெற்ற ராஜவேலுக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. அதற்குச் சம்பளம் இல்லை, ஓய்வும் இல்லை. சொந்தபந்தத்தில் யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், பையனைப் பற்றி விசாரித்துவிட்டு வருகிற ஆள் அவர்தான். ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, மண்டபம்கூடப் பார்த்து வைத்த பிறகும், "ராஜவேலு போயிட்டு வந்துட்டாரா?" என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். அவர் போய்வந்து தலையாட்டினால்தான் தட்டு மாற்றுவார்கள்.

மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் போய் நின்று, பையன் எப்படி என்று நேராகக் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காகப் பக்கத்து வீட்டுக்காரனைப் பகைத்துக்கொள்ள இந்த உலகத்தில் யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? அதனால் ராஜவேல் எப்போதும் வாடகைக்கு வீடு தேடுகிறவராகத்தான் போவார். இஸ்திரி வண்டிக்காரரிடம் நிற்பார். "இந்தப் பக்கம் வீடு ஏதாச்சும் காலியா இருக்குங்களா?" என்று ஆரம்பிப்பார். தண்ணீர் எப்படி, கரண்ட் எப்படி என்று கேட்டுவிட்டு, கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டே, "அந்தப் பச்சை கேட்டு வீட்டுல யாருங்க? வயசுப் பொண்ணு இருக்கற குடும்பம், அக்கம்பக்கம் பாத்துத்தான வரணும்" என்பார். பச்சை கேட்டு வீட்டின் வண்டவாளம் அத்தனையும் தண்டவாளம் ஏறிவிடும். முன்பின் தெரியாத வாசலில் கூச்சமில்லாமல் நிற்கவும், நாய் குரைத்தால் நகராமல் இருக்கவும் மின்வாரியம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

கேட்பது பாதி வேலைதான். கேட்டதைப் புரிந்துகொள்வதில்தான் அவருடைய பெருமையே இருந்தது. "ஜாலியான பையன்" என்றால் சாயங்காலம் ஆனால் ஊற்றிக்கொள்வான். "ரொம்ப அமைதியான பையன்" என்றால் அம்மா பேச்சுக்கு மறுபேச்சு இல்லாதவன், கட்டிக்கொண்டு போகிறவள் மாமியாரிடம் மாட்டினாள். யோசிக்காமல் "நல்ல பையன்" என்று சொன்னால், சொல்கிறவருக்குப் பையனைத் தெரியவே தெரியாது. மங்கலம்பேட்டையில் ஒரு மாவு மில்லில் "கைராசியான பையன்" என்றார்கள். ராஜவேல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டார், பையன் சீட்டாடுகிறவன். காடாம்புலியூரில் ஒரு முந்திரி வியாபாரியின் மகனைப் பற்றி "அவனா, சாமி மாதிரிங்க" என்றார்கள். அவனுக்கு நிஜமாகவே கல்யாண ஆசை இல்லை, மாலை போட்டுக்கொண்டு அடிக்கடி மலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இப்படி ஒரே சொல்லை வைத்து ஒரு ஆளை எடை போட்டுவிடுவதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கர்வம் உடைந்தது அவருடைய சொந்த மகளின் விஷயத்தில்.

அருள்மொழி கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். அவளுக்கு வந்த வரன்களை எல்லாம் ராஜவேல் தன் வித்தையைக் காட்டித் தட்டிக் கழித்திருந்தார். ஒருவன் ஜாலி, ஒருவன் அமைதி, ஒருவனைப் பற்றிக் கேட்டதும் பக்கத்து வீட்டார் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்கள். கடைசியில் சிதம்பரத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பெயர் சித்தார்த், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா தங்கராசு உரக்கடை வைத்திருந்தார், மரியாதையான மனிதர். பாடலீஸ்வரர் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று பெரியவர்களே சொல்லிவிட்டார்கள், பேசிக்கொண்டும் இருந்தார்கள். "ஆனித் திருமஞ்சனம் முடிஞ்சதும் பதில் சொல்லிடுங்க சார், ஆடி பொறந்துட்டா எதையும் பேச முடியாது" என்று தங்கராசு கேட்டுக்கொண்டார்.

"ஏங்க, இந்த எடமாவது அமையணும். போயிப் பாத்துட்டு வாங்க" என்று மனைவி மாலதி அவரை பஸ் ஏற்றி அனுப்பினாள்.

சிதம்பரத்தில் தேருக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. கீழ வீதியில் கயிறும் கட்டையுமாகக் கிடந்ததைத் தாண்டி, ஷேர் ஆட்டோவில் ஏறி, பல்கலைக்கழகத்துக்கு அப்பால் புதிதாக முளைத்திருந்த நகர் ஒன்றில் இறங்கினார். தங்கராசு குடும்பம் அங்கேதான் வீடு கட்டிப் போயிருந்தது. தெரு முழுக்க உயரமான கேட்டுகள். இஸ்திரி வண்டி இல்லை, பெட்டிக்கடை இல்லை. இரண்டு கேமரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வீட்டு அம்மா கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"வீடா? நெட்டுல போட்டிருப்பாங்க, பாருங்க சார்."

"இல்லம்மா, அக்கம்பக்கம் எப்படின்னு... அந்த உரக்கடைக்காரர் வீட்டுல ஒரு பையன் இருக்காப்லயாமே?"

"அவுங்களா? தெரியாதுங்க. எங்க நகர் வாட்ஸ்அப் குரூப்புல இருப்பாங்க."

குரூப்பில் இருப்பவன் நல்லவனா கெட்டவனா என்று ராஜவேலுக்கு எப்படித் தெரியும்? தங்கராசு முன்பு குடியிருந்த பழைய தெருவுக்கும் போனார். அங்கே எல்லாரும் பையனை டவுசர் போட்டவனாகத்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள். "பத்தாவதுல நல்ல மார்க்கு வாங்கினான் சார்" என்றார் பால் பூத்துக்காரர். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துக்கொண்டு பெண்ணைக் கொடுக்க முடியுமா? வெறுங்கையோடு கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, ரீடிங் எடுக்கப் போன வீட்டில் மீட்டரே இல்லாத மாதிரி இருந்தது அவருக்கு.

மாலதியின் தம்பி அறிவுமதி திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் கடை வைத்திருந்தான். அவன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"மாமா, பையன் இருக்கறது பெங்களூர்ல. நீங்க சிதம்பரத்துல போயி விசாரிச்சா என்ன கெடைக்கும்? இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெருவே இன்ஸ்டாகிராம்தான். போனக் குடுங்க."

மளமளவென்று மாமாவின் பேரில் அதில் ஒரு கணக்கை ஆரம்பித்தான். ராஜவேலின் பெயர், ஊர், மின்வாரியம் எல்லாம் போட்டு, ஓய்வு பெற்ற நாளில் மாலையும் கழுத்துமாக எடுத்த போட்டோவையும் ஒட்டிவிட்டான். சித்தார்த்தின் பக்கத்தைத் திறந்து காட்டினான். பையன் மலையில் நின்றான், கடலில் நின்றான், பைக்கில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழும் கூட்டாளிகள் அவனைப் பற்றி ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை எழுதியிருந்தார்கள். ராஜவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுதானே அவருடைய தொழில்! அக்கம்பக்கத்தார் எல்லாரும் வரிசையாக நின்று, கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு தொல்லை, எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒருத்தன் 'பில்ட் டிஃபரன்ட்' என்று எழுதியிருந்தான். ஒருத்தன் 'லோ கீ அன்ஹிஞ்ச்டு' என்றான். இன்னொருத்தன் 'ஆஃப் த செயின்'. 'அவுட் ஆஃப் பாக்கெட்' என்று ஒருத்தி. போன வாரம் போட்ட போட்டோவுக்குக் கீழே நாலைந்து பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: 'டவுன் பேட்'.

மறுநாள் காலை சில்வர் பீச்சில் நடக்கும்போது அந்தோணிசாமி வாத்தியாரைப் பிடித்தார். அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர், அவர் போட்ட அடியில் இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர்கள் இன்று கலெக்டர் ஆபீசில் இருக்கிறார்கள். வாத்தியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அன்ஹிஞ்ச்டுன்னா, கதவுக்குக் கீல் இருக்கு பாருங்க, அது கழண்டது. அதாவது புத்தி கழண்டது."

"ஐயையோ!"

"ஆஃப் த செயின்... சங்கிலியிலேருந்து அவுத்து வுட்டது. நாயைச் சொல்வாங்க. அவுட் ஆஃப் பாக்கெட்டுன்னா கைக்காச போட்டுச் செலவு பண்றவன். இது ஒண்ணு பரவால்ல."

"இந்த டவுன் பேட், வாத்தியாரே?"

அந்தோணிசாமி நின்றுவிட்டார். வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "டவுன் ஒரு சொல்லு, பேட் ஒரு சொல்லு. ரெண்டையும் இப்படிச் சேக்கறதுக்கு நான் வகுப்புல வுட்டதே இல்ல ராஜவேலு. கீழ... கெட்டு... தாழ்ந்து கெட்டவன்னு வரலாம். எதுக்கும் யோசிச்சுப் பண்ணுங்க."

புத்தி கழன்று, சங்கிலி அவிழ்ந்து, தாழ்ந்து கெட்ட ஒருவனுக்கா தன் பெண்ணை? ராஜவேல் நேராக அறிவுமதியின் கடைக்குப் போனார். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவன், மாமாவின் முகத்தைப் பார்த்து ஸ்டூலை எடுத்துப் போட்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாத்தியாரு சொல்றது எல்லாம் பழைய இங்கிலீஷு மாமா" என்றான். "புத்தி கழண்டவன்னா, கூட இருந்தா சிரிச்சுக்கிட்டே இருக்கலாம்னு அர்த்தம். லோ கீன்னா அதை வெளிய காட்டிக்க மாட்டான். சங்கிலி அவுந்ததுன்னா செம்ம ஆளுன்னு அர்த்தம். அவுட் ஆஃப் பாக்கெட்டுதான் கொஞ்சம் அப்படி இப்படி, வாய்க்கு வந்தத பேசிடுவான். அதுவும் பிரியமாத்தான் சொல்றது."

"திட்டற வார்த்தைய வச்சு ஏன்டா பாராட்டணும்? பாராட்டறதுக்கு வார்த்த இல்லியா அவங்ககிட்ட?"

"நம்ம மட்டும் என்னவாம்? நல்லா பாடறவன 'கொன்னுட்டான்'னு சொல்றோமில்ல?"

அது சரிதான் என்று ராஜவேலுக்குப் பட்டது. சரி என்று பட்டதால் குழப்பம் இன்னும் ஜாஸ்தியானது. நல்லது கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் இருக்குமானால், எந்த வார்த்தையை எந்தப் பக்கம் வைப்பது? இவ்வளவு காலமும் மற்றவர்கள் பேச்சுக்கு அவர் அர்த்தம் சொன்னார். இப்போது ஆளாளுக்கு அவருக்கு அர்த்தம் சொன்னார்கள், ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை.

"டவுன் பேட்?" என்று கடைசியாகக் கேட்டார்.

அறிவுமதி இழுத்தான். "அது வந்து மாமா... எவளோ ஒரு பொண்ணு மேல பைத்தியமா வுழுந்து கெடக்கறான்னு அர்த்தம்."

"எந்தப் பொண்ணு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றைக்குப் பகல் முழுக்க ராஜவேல் சாப்பாட்டில் மனம் வைக்கவில்லை. மாலதி ரசத்தை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து, "ஏங்க, பையன் பைத்தியம்ங்கறாங்களா, பொண்ணு மேல பைத்தியம்ங்கறாங்களா?" என்று கேட்டாள். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பெங்களூரில் ஒருத்தியை வைத்துக்கொண்டு இங்கே பெண் பார்க்க வந்திருக்கிறானா? அருள்மொழியிடம் கேட்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. விசாரிப்பு முடிகிற வரைக்கும் பெண்ணின் காதுக்கு எதுவும் போகக் கூடாது என்பது அவருடைய நெடுநாள் வழக்கம். எந்த வீட்டிலும் அவர் அதை மீறியதில்லை.

சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த 'டவுன் பேட்' போட்டோவைத் திறந்தார். கோகர்ணா கடற்கரையில் சித்தார்த் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே எழுதுகிற கட்டம் இருந்தது. சொந்த அறை, சாத்திய கதவு, கையில் தன்னுடைய போன். அதில் எழுதுவது, 'டவுன் பேட்' என்று எழுதின பையன்களிடம் போய்க் காதோடு கேட்பது போலத்தான் என்று அவர் நம்பினார். ஒற்றை விரலால் தமிழில் தட்டினார்:

'வணக்கம் தம்பிகளே. இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறேன். இந்தத் தம்பியின் பழக்கவழக்கம் எப்படி? எந்தப் பெண்ணோடு பழக்கம்? எனக்கு மட்டும் சொல்லவும். ராஜவேல், மின்வாரியம், கடலூர்.'

அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார், பாவம்.

விழித்தபோது போன் துடித்துக்கொண்டே இருந்தது. சித்தார்த்தின் கூட்டாளிகள், கூட்டாளிகளின் கூட்டாளிகள், எந்த ஊர் என்றே தெரியாதவர்கள் எல்லாம் வந்து பதில் எழுதியிருந்தார்கள். கடற்கரையில் எத்தனை படுக்கையறை வேண்டும் என்று ஒருவன் கேட்டிருந்தான். அட்வான்ஸ் பற்றி ஒருத்தி. மீதிப் பேர் சித்தார்த்தை விட்டுவிட்டு ராஜவேலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 'அங்கிள் லோ கீ ஐகானிக்.' 'அங்கிள் பில்ட் டிஃபரன்ட்.' 'அங்கிள் டோட்டலி அன்ஹிஞ்ச்டு.' மாலையும் கழுத்துமான அவர் போட்டோவைப் பெரிதாக்கி ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அறிவுமதி கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தான்.

"மாமா, அது பொதுவுல தெரியும் மாமா! மைக் வச்சுப் பேசற மாதிரி!"

"எனக்கு மட்டும்னு எழுதினேனேடா?"

"எழுதினா?"

ராஜவேல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "சரி, என்னையும் கீல் கழண்டவன்னு போட்டிருக்கானே, இது திட்டா, பாராட்டா? அதையாச்சும் சொல்லு மச்சான்."

அறிவுமதி ஒன்றொன்றாகப் பார்த்தான். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டான். "ரெண்டுந்தான் மாமா."

சாயங்காலம் அருள்மொழி வந்தாள். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்ட சத்தத்திலேயே விஷயம் அவளுக்கு எட்டிவிட்டது என்று தெரிந்தது. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுவிட்டு எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட ராஜவேல் தாங்கியிருப்பார். பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, நாம் போய் மானத்தை வாங்கிவிட்டோம், அதுதான் கோபம் என்று அவராக ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டார்.

மறுநாள் தங்கராசு போன் செய்தார். குரலை உயர்த்தவில்லை, அதுவே ராஜவேலைக் கூசவைத்தது.

"சார், நேர்ல எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். பையன் கோவப்படல, சிரிக்கறான். எனக்குத்தான் கடையில உக்கார முடியல. யூரியா வாங்க வர்றவன்லாம் வீடு வாடகைக்கு இருக்கான்னு கேக்கறான்."

"தப்புதாங்க. பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

"அத வுடுங்க, பொண்ணப் பெத்தவரு, கேட்டுட்டீங்க. ஆடி பொறக்கப் போவுது. ஞாயித்துக்கெழம நல்ல நாளு, பதிலச் சொல்லிடுங்க. ஒண்ணு மட்டும் ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இவ்வளவு பேரு சிரிச்சதுக்கு அப்பறம் நீங்க வேணாம்னீங்கன்னா, விசாரிச்சாரு, என்னமோ தெரிஞ்சிருக்கு, அதான் வுட்டுட்டாருன்னு ஊரு பேசும். எம் புள்ளைக்கு வேற எடம் அமையாது சார்."

போனை வைத்த பிறகு ராஜவேல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று எத்தனையோ பையன்களைத் தள்ளியிருக்கிறார். தள்ளப்பட்ட வீட்டில் அடுத்த நாள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவர் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது சரி என்று சொல்லவும் பயமாக இருந்தது, வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருந்தது. நடுவில் அந்த 'டவுன் பேட்' முள்ளாகக் குத்திக்கொண்டே கிடந்தது. யார் அந்தப் பெண்?

ஞாயிற்றுக்கிழமை காலை அருள்மொழி மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ராஜவேல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனார். வாளியிலிருந்து ஒரு போர்வையை எடுத்து ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை அவள் பிடித்துப் பிழிந்தாள்.

"பாப்பா, அப்பா மேல கோவமா?"

"இல்லப்பா."

"ஆஸ்பத்திரியில கிண்டல் பண்ணாங்களா?"

"பண்ணாங்க. ஒரு தாத்தா, முட்டி வலிக்கு வர்றவரு, ஒங்க போட்டோவக் காட்டி இவரத் தெரியுமாம்மான்னு கேட்டாரு." அவள் உதட்டோரத்தில் சிரிப்பு வந்து போனது.

அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. போனை நீட்டி, இத்தனை நாளும் ஊரெல்லாம் கேட்டதை வீட்டில் கேட்டார். அருள்மொழி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"பில்ட் டிஃபரன்ட்டுன்னா மத்தவங்கள மாதிரி இல்ல, ஒரு படி மேலன்னு. கூட்டாளிக்கு அடிபட்டப்போ இவரு ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிட்டுப் போயிருக்காரு, அதுக்குச் சொல்லியிருக்காங்க. இந்த அன்ஹிஞ்ச்டுன்னா சிரிக்கவைக்கறவருன்னு. நெசமாவே சிரிக்கவைப்பாரு."

"இந்த டவுன் பேட்?"

அவள் போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "அது என்னையத்தாம்பா சொல்றாங்க. எங்கிட்ட பேச ஆரம்பிச்சதுக்கு அப்பறம் எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்காராம். அதான் ஓட்டறாங்க."

ராஜவேலுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. எத்தனை நாள் பயம்! வேறு பெண் கிடையாது, கெட்ட பழக்கம் கிடையாது, தன் மகள் மேலேயே உயிரை வைத்திருக்கிற ஒருவன். இந்த மாதிரி ஒரு மாப்பிள்ளையை அவர் விசாரித்ததே இல்லை. சந்தோஷத்தில் அங்கேயே போனில் தங்கராசு நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

"அப்பறம் என்ன பாப்பா? ஒரு கொற இல்ல. இப்பவே சரின்னு சொல்லிடறேன்."

அருள்மொழி ஒரு துண்டை எடுத்து உதறினாள். கொடியில் போட்டாள். கிளிப்பை மாட்டிவிட்டு, கொடியைப் பிடித்தபடியே நின்றாள்.

"எப்பவும் ஏதாச்சும் ஒரு கொற கண்டுபுடிப்பீங்களேப்பா" என்றாள். "இவருக்கும் கண்டுபுடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. "கண்டுபுடிக்கல, அதத்தான் சொல்றேன். கொறையே இல்ல."

"எனக்கும் அதாம்பா கொழப்பம். நல்லவருதான். எல்லாரும் எழுதியிருக்கறது எல்லாம் நெசந்தான். ஒரு வார்த்த தப்பா பேசினதில்ல. ஆனா பேசி முடிச்சிட்டு போன வச்சதும், எனக்கு அப்பாடான்னு இருக்குது." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "தெனமும் அப்படித்தான் இருக்கு. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. சொல்லத் தெரியாம எப்படி வேணாம்ங்கறது? நீங்க வேணாம்னு வந்து சொல்லிடுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

கீழே தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். ராஜவேல் காலியான வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை பெண்களுக்காக எத்தனை தெருக்களில் நின்றிருப்பார்! ஒரு பெண்ணிடமாவது, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் படி இறங்கினார்.

கூடத்தில் உட்கார்ந்து தங்கராசுவுக்குப் போன் அடித்தார். மாலதி விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அருகில் நின்றாள்.

"சொல்லுங்க சார்" என்றார் தங்கராசு. அந்தக் குரலில் இருந்த ஆவல் ராஜவேலை அறுத்தது.

"சார், மன்னிக்கணும். எம் பொண்ணு வேணாம்னு சொல்றா."

தங்கராசு மெதுவாகக் கேட்டார். "யாரு என்ன சொன்னாங்க? எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிடுங்க."

"யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. ஒங்க பையன் மேல ஒரு சொல்லு கெடையாது. நான் விசாரிச்சதுலேயே இந்த மாதிரி பையன் வந்ததில்ல. இத நான் யாருகிட்ட வேணும்னாலும் சொல்றேன். அந்த இன்ஸ்டாகிராமுல வேணும்னாலும் போடறேன்."

"ஐயையோ, அதுல போடாதீங்க!"

மாலதி அவர் தோளைத் தட்டினாள். "ஜாதகம் சரியா வரலன்னு சொல்லுங்க" என்று வாயசைத்தாள். வேண்டாம் என்பதற்கு அந்தக் குடும்பத்தில் எப்போதும் சொல்வது அதுதான், அதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் தங்கராசுவும் மனசு நோகாமல் கேட்டுக்கொண்டு போனை வைத்திருப்பார். வார்த்தை ராஜவேலின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கதவோரத்தில் அருள்மொழி ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

"ஜாதகமெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க" என்றார். "எம் பொண்ணுக்கு வேணாம். அவ்வளவுதாங்க."

"கொறையே இல்ல, ஆனா வேணாம்ங்கறீங்க. இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"எனக்கும் புரியலீங்க" என்றார் ராஜவேல். "அவ சொல்லிட்டா. நான் ஒங்களுக்குச் சொல்றேன்."